ஐந்து ஆம்பியர் சம்பந்தம்

மேட்டுப்பட்டி வயர்மேன் பாஸ்கலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். மாதா படம், காலண்டர், கல்யாண போட்டோ எதுவும் அவர் கண்ணில் படாது. சுவிட்ச் போர்டுதான் படும். எழவு வீடோ விசேஷ வீடோ, நேரே போர்டுக்குப் பக்கத்தில் போய்ப் புறங்கையை அதன்மேல் மெல்ல வைப்பார். கொஞ்சம் சூடாக இருந்துவிட்டால் போச்சு. "இதுல என்னத்தையெல்லாம் மாட்டிருக்கீக?" என்று ஆரம்பித்துவிடுவார். எழவு வீட்டில் பெட்டியைத் தூக்குகிறவரை அந்தப் பேச்சு ஓயாது. ஊரில் அவருக்குக் 'கரண்டு உபதேசியார்' என்று பேர் வைத்திருந்தார்கள். கோவில் உபதேசியாருக்கே அந்தப் பேரைக் கேட்டால் சிரிப்பு வரும்.

சும்மா வந்த பழக்கமில்லை அது. தொண்ணூற்று நாலில் பேகம்பூரில் முனீர் என்பவரின் தையற்கடைக்கு அவர்தான் வயரிங் செய்தார். இரண்டு டியூப்லைட், இரண்டு ஃபேன், ரேடியோவுக்கு ஒரு ஐந்து ஆம்பியர் பிளக். அதற்குத் தகுந்த ஒயர், அதற்குத் தகுந்த பியூஸ். முனீர் அதே பிளக்கில் ஆயிரம் வாட் அயன் பாக்ஸை மாட்டினார். அது போதாதென்று மல்டி பிளக் ஒன்றை வாங்கிவந்து தையல் மெஷின் மோட்டார்களையும் மாட்டினார். வாரத்துக்கு மூன்று தடவை பியூஸ் போனது. "பாய், துவாரம் நாலா ஆனா ஒயரும் நாலா ஆயிருமா? இந்த லைன் ஆயிரம் வாட்டுக்கு மேல தாங்காது. அயன் பாக்ஸுக்குத் தனியாப் பதினஞ்சு ஆம்பியர்ல தடிச்ச ஒயரா இழுத்துக்குவோம்" என்றார் பாஸ்கல். "பெருநா முடியட்டும் பாஸ்கலு" என்றார் முனீர். பெருநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் பியூஸ் கட்டையில் முறையான கம்பிக்குப் பதிலாகச் செம்பு ஒயரை உரித்து இழைகளை முறுக்கி அவரே கட்டிக்கொண்டார். பியூஸ் அதற்கப்புறம் போகவில்லை. பரணுக்கு மேலே ஓடிய ஒயர்தான் போனது. பாதித் தெருவின் பெருநாள் துணி கருகிக் கிடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. "நீ சொன்னப்பா, நாந்தான் கேக்கல" என்று முனீரே சொல்லிவிட்டார். ஆனால் பாஸ்கலுக்கு அது ஆறவில்லை. சொன்னோம், ஆனால் ஒப்புக்குத்தானே சொன்னோம் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் ஒப்புக்குச் சொல்வதை விட்டுவிட்டார். விடாப்பிடியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வருஷங்களில் திண்டுக்கல்லில் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது, பிரிட்ஜ் வந்தது. சாமான் வந்த வேகத்துக்கு ஒயர் மாறவில்லை. நாலு பல்புக்குப் போட்ட ஒயர் அத்தனையையும் சுமந்தது. பாஸ்கல் ஒவ்வொரு அடுப்படியிலும் நின்று பாட்டாய்ப் பாடினார். "பியூஸு போனா கோவப்படாதீகம்மா. சாக வேண்டியது அதுதான். அது சாகலைன்னா ஒயரு சாகும். ஒயரு செத்தா வீடு எரியும்." கேட்டவர்கள் பாதிப்பேர். "சரி சரி, இப்ப லைட்டு எரியுதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றவர்கள் மீதிப்பேர்.

இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் தன் ஒற்றை மகள் விஷயத்தில் கோட்டைவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் பேர் வினோலியா. இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்கு வரன் அமைந்தது. நத்தம் பஸ்ஸில் ஏறி, சாணார்பட்டி தாண்டி இறங்கி, உள்ளே ஒரு மைல் நடக்க வேண்டிய ஊர். மாப்பிள்ளை பெலிக்ஸ் திருப்பூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். மாப்பிள்ளையின் அப்பா ராயப்பராஜ் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், அம்மா ரோசலின். மரியாதையான குடும்பம்.

நிச்சயத்துக்குப் புறப்பட்ட அன்று பாஸ்கலின் மனைவி செபஸ்தியம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இந்தாருங்க, அங்க போயி சுவிட்ச் போர்டைத் தடவிக்கிட்டுத் திரியக் கூடாது, ஆமா. பொண்ணு குடுக்கப் போறோம். ஒயரிங் பாக்கப் போகல."

"நான் எங்கடி தடவுனேன்?"

"உங்க தங்கச்சி வீட்டு எழவுல என்ன செஞ்சீகன்னு எனக்குத் தெரியும். கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க, போதும்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபி குடித்தார். பார்க்கக் கூடாது என்றாலும் கண் நிற்குமா? கூடத்தில் ஒரு ஃபேன், இரண்டு டியூப்லைட், பழைய டிவி ஒன்று. மரச்சட்டத்தில் ஆணி அடித்து ஓட்டின இருபது வருஷத்து ஒயர். வீட்டுக்கே ஒரு லைன், ஒரு பியூஸ். அந்த வீட்டுக்கு அது போதும். அந்த ஒயருக்கும் அந்த வீடு போதும். ஆபத்து ஒன்றுமில்லை என்று நிம்மதியாக எழுந்து வந்தார்.

ஆபத்தை அவரே கொண்டுபோய் இறக்கினார். கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து முடிப்பதற்குள் சொந்தத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. 'கரண்டு வேலை பாக்குறவன், பொண்ணுக்கு என்னத்தச் செஞ்சிறப் போறான்?' யாரோ எவரோ சொன்னது காதுக்கு வந்து சேர்ந்ததும் பாஸ்கலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டு வேலை பார்க்கிறவன் என்ன செய்வான்? கரண்டில் ஓடுவதாகவே செய்வான். பிரிட்ஜ், சாய்க்கிற கிரைண்டர், மிக்சி, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டாயிரம் வாட் கெய்சர். அந்த வட்டாரத்தில் கெய்சரைச் சீராகக் கொடுத்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. மேளம் முன்னால் போக, வண்டியில் சீர் வரிசையாகப் போக, ஊரே வாயைப் பிளந்து பார்க்க, பாஸ்கல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நடந்தார். ஊரார் வீட்டு வாட் கணக்கையெல்லாம் பார்க்கிற மனுஷனுக்கு அன்றைக்குத் தன் கணக்கு மட்டும் மறந்துபோனது.

மறுவீட்டுக்குப் போன அன்றுதான் மறந்தது முன்னால் வந்து நின்றது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்ததும், வந்த சீர் வீணாகக் கிடக்கவில்லை, புழங்குகிறோம் என்று எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டுவார்கள். ரோசலின் கிரைண்டரைப் போட்டாள். மிக்சியைப் போட்டாள். பிரிட்ஜைத் திறந்து உள்ளே எரிகிற லைட்டைக் காட்டினாள். ராயப்பராஜ் பாஸ்கலின் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் குளியலறையில் கெய்சரைக் காட்டினார்.

பாஸ்கல் பார்த்தது கெய்சரை அல்ல. அதன் தடித்த மூன்று பின் பிளக் அந்த வீட்டின் ஐந்து ஆம்பியர் துவாரத்துக்குள் நுழையாது. நுழையாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நுழையக் கூடாது என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரின் நுனியை உரித்துத் துவாரத்தில் சொருகி, கழன்று விழாமல் இரண்டு தீக்குச்சியைச் சேர்த்து அடித்து வைத்திருந்தார்கள். எர்த் ஒயர் காற்றில் தொங்கியது. கூடத்து டியூப்லைட் மங்கி மங்கி எரிந்தது.

"யாரு... யாரு மாட்டுனது சம்பந்தி?"

"நாந்தான்!" என்றார் ராயப்பராஜ், முகமெல்லாம் பூரிப்பாக. "மொதல்ல நாலு தடவ பியூஸ் போச்சு. செம்புக் கம்பிய எட்டு இழையா முறுக்கிக் கட்டிட்டேன். அன்னைலருந்து மூச்சு விடல."

பாஸ்கல் வாயைத் திறந்தார். செபஸ்தியம்மாள் பின்னால் நின்று அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கெய்சர் இரண்டாயிரம், மிக்சி அறுநூறு, கிரைண்டர் முந்நூறு, பிரிட்ஜ் இருநூறு. மூவாயிரத்து நூறு வாட். இருநூற்று முப்பதால் வகுத்தால் பதிமூன்றரை ஆம்பியர். ஐந்து ஆம்பியர் வீட்டில் பதிமூன்றரை. அதிலும் எட்டு இழைச் செம்பு. அது சாகாது. ஒயர்தான் சாகும். அந்த ஒயருக்குக் கீழேதான் மகள் நடமாடுகிறாள்.

"அந்தக் கெய்சர நான் ஏன்டி வாங்கிக் குடுத்தேன்?" என்றார்.

"குடுத்தாச்சு. சும்மா வாங்க" என்றாள் செபஸ்தியம்மாள். அவளுக்கும் முகம் செத்துப்போய்த்தான் இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நிம்மதி என்பதே இல்லை. தீயணைப்பு வண்டி மணி கேட்டால் பாஸ்கல் தெருவுக்கு ஓடிவந்து எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பார். நத்தம் ரோட்டுப் பக்கம் திரும்பாவிட்டால்தான் மூச்சு வரும். பேப்பரை வாங்கினால் முதலில் மாவட்டப் பக்கத்தைப் புரட்டுவார். பூசையில் எல்லோரும் முழங்காலில் இருக்கையில் இவர் மனசுக்குள் வாட்டைக் கூட்டிக்கொண்டிருப்பார். வேலைக்குப் போன இடத்திலும் நிலைகொள்ளவில்லை. நாகல் நகரில் ஒரு வீட்டுப் போர்டில் கையை வைத்துக்கொண்டே நின்றவர், வீட்டுக்காரம்மா மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

வாரம் இரண்டு தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மகளுக்குப் போன் போடுவார்.

"கெய்சர் போடுறப்ப வேற எதையும் ஓட்டாதீக தாயி."

"சரிப்பா."

"பிரிட்ஜ அமத்திட்டுப் போடு."

"சரிப்பா."

"பிளக்குல கை வைக்காத. கை ஈரமா இருந்தா பக்கத்துலயே போகாத. கிரைண்டரு?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேம்பா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்பாள் வினோலியா. போனை வைத்ததும் அவருக்குக் கவலை இரண்டு மடங்காகிவிடும்.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியம்மாளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பையில் வாழைப்பழம். பழத்துக்கு அடியில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று, தடித்த ஒயர் ஒரு சுருள். செபஸ்தியம்மாளுக்குக்கூடத் தெரியாது. பையை வாங்கிய ராயப்பராஜ் கனத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கையை விட்டார்.

"என்ன சம்பந்தி, பழத்தோட பிளேயரும் காய்ச்சிருக்கு?"

மாட்டிக்கொண்டாயிற்று. இனி என்ன ஒளிவுமறைவு? "ஒண்ணுமில்ல சம்பந்தி. கெய்சருக்கு மட்டும் மெயின்லருந்து தனி லைன் ஒண்ணு இழுத்துட்டா நல்லது. அரை நா வேல. ஒரு ஏணி இருந்தா..."

ராயப்பராஜ் காதைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருக்கே கத! பொண்ணக் குடுத்த மனுசன ஏணியில ஏத்திவிட்டுட்டு நான் கீழ நின்னு வேடிக்க பாத்தா ஊரு என் மூஞ்சில காறித் துப்பாது? என் வீட்டுல நீங்க உக்காந்து சாப்பிடணும் சம்பந்தி. வேர்க்க விறுவிறுக்க வேல செய்யக் கூடாது."

"அப்ப வேற ஆள வச்சாச்சும்..."

"ஏன், என் கட்டுல நம்பிக்க இல்லையா?" அவர் குரல் சற்றே இறங்கியது. "முப்பது வருசம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துனவன் நான். எனக்கு பியூஸ் கட்டத் தெரியாதா?"

அதற்கு மேல் என்ன பேசுவது? மாமனார் மனசு கோணினால் அது மகள் தலையில்தான் விடியும். கோழி அடித்திருந்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டார். மகள்தான் பரிமாறினாள். அவர் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே ஓடின ஒயரைப் பார்த்துக்கொண்டே சோற்றை உருட்டினார். மரியாதை என்ற பேரில் மனுஷனைக் கட்டிப்போட முடியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

வினோலியா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தபோது செபஸ்தியம்மாள் தெருவுக்கே சீனி கொடுத்தாள். பாஸ்கல் சந்தோஷப்பட்டார், படாமல் இருப்பாரா? ஆனால் அந்தச் சந்தோஷத்தை முழுசாக விழுங்க முடியவில்லை. இப்போது அந்த வீட்டுக்குள் இரண்டு உயிர்.

ஏழாம் மாசம் வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஐந்து வகைச் சாதம், கூடை வளையல், பழத்தட்டுகள் என்று வேன் பிடித்துப் போனார்கள். வாசலில் பந்தல். பந்தலைச் சுற்றி வண்ண பல்பு. மைக்செட் அலறியது. வாடகைக்கு எடுத்த பெரிய ஸ்டாண்டு ஃபேன் இரண்டு சுழன்றன. அத்தனைக்கும் கரண்டு எங்கிருந்து? பாஸ்கலின் கண் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனது. பந்தல், ஜன்னல், கூடத்து போர்டு. வெளியூரிலிருந்து வந்த கிழவிகள் குளிப்பதற்காகக் கெய்சரும் ஓடிக்கொண்டிருந்தது.

வினோலியாவைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. பின்னால் சுவரில் ஜிகினாத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்குப் பின்னால்தான் போர்டு. பொம்பளைகள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பாஸ்கல் வாசற்படியில் நின்றார், உட்கார்ந்தார், எழுந்தார்.

அப்போது ஒரு வாடை வந்தது.

"மீனு வறுக்காக போல" என்றாள் பக்கத்தில் நின்ற செபஸ்தியம்மாள்.

பாஸ்கல் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "சம்பந்தியம்மா, மீனு ஏதும் வாங்கினீகளா?" என்று கேட்டார்.

"இல்லையே, ஆட்டுக்கறிதான்" என்றாள் ரோசலின்.

பிளக்கும் போர்டும் கருகுவதற்கு முன்னால் வருகிற வாடை அது. மீன் கவிச்சியைப் போலவே இருக்கும். இருபது வருஷமாக அந்த வாடையை முகர்ந்த மூக்கு. பாஸ்கல் யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். யாரோ ஒரு கிழவியின் பாக்குத்தட்டு காலில் பட்டு உருண்டது. தாழ்வாரத்தில் இருந்த மெயினை இழுத்து இறக்கினார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாட்டு பாதியில் செத்தது. ஃபேன் நின்றது. பிள்ளைத்தாய்ச்சி வளையல் போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் வீட்டில் பட்டப்பகலில் விளக்கணைந்துபோனது. பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எந்திரி தாயி! அந்தச் செவுத்தை விட்டு எந்திரி!" என்று கத்தினார் பாஸ்கல்.

ராயப்பராஜ் வேகமாக வந்தார். "என்ன சம்பந்தி இது? சபையில வச்சு என்ன செய்யிறீக? கட்டையக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"என் வீட்டுப் பியூஸ நீங்க பிடுங்குவீகளா?"

"பிடுங்குவேன் சம்பந்தி. பத்து மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். ராவும் பகலும் நெருப்ப வயித்துல கட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாது." அவர் ஜிகினாத் துணியைப் பிடித்து இழுத்தார். போர்டு பழுப்பேறி, ஓரம் உருகித் தொங்கியது. துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருகல். மகளின் தலைக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. "பாருங்க. நல்லாப் பாருங்க. தப்பு உங்களது இல்ல. இது தாங்காதுன்னு தெரிஞ்ச நாந்தான் இம்புட்டையும் கொண்டாந்து எறக்குனேன். நான் குடுத்த சீர நானே எடுத்துட்டுப் போயிருறேன். கெய்சரு, கிரைண்டரு, அம்புட்டையும்."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கொடுத்த சீரைத் திரும்ப எடுப்பதா? வளைகாப்பு வீட்டில் பேசுகிற பேச்சா இது? செபஸ்தியம்மாள் "ஐயோ, மாதாவே" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராயப்பராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. கருகலைப் பார்த்து அவரும் ஆடித்தான் போயிருந்தார். ஆனால் நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் முந்திக்கொண்டது.

"எடுத்துட்டுப் போங்க! நல்லா எடுத்துட்டுப் போங்க! பெருசாப் பேசுறீகளே, நீங்க குடுத்த கிரைண்டரு மூணாம் மாசமே படுத்துருச்சு. தெரியுமா உங்களுக்கு? சீர் சாமான வெளியாளு பிரிக்கக் கூடாதுன்னு உங்க மக சொல்லிருச்சு. உங்களக் கூப்பிட்டு ரிப்பேர் பாக்கச் சொல்றது மரியாதை இல்லைன்னு நானும் வாயத் தெறக்கல. வயித்துப் பிள்ளையோட அது ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டுது. வந்தவுக எல்லாம் கேக்குறாக, கரண்டு வேல பாக்குற அப்பன் ஓட்டக் கிரைண்டரக் குடுத்து ஏமாத்திட்டானான்னு!"

பாஸ்கலுக்கு யாரோ நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனார். மூலையில் கிரைண்டர் சாக்கு போர்த்திக் கிடந்தது. சாக்கை எடுத்தார், சாய்த்தார், அடித்தகட்டைத் திறந்தார். மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தார். சீராகச் சுற்றியது. ஒயரை இழுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மோட்டாரையும் கல்லையும் சேர்க்கிற பெல்ட்டை மட்டும் காணோம்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு வினோலியா வந்து நின்றாள். நேரே தன் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து கறுப்பு பெல்ட்டை எடுத்துவந்து அப்பா கையில் வைத்தாள்.

"நாந்தாம்பா கழட்டுனேன்."

எல்லோரும் அடுப்படி வாசலில் கூடிவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"காலையில மாமா குளிக்கக் கெய்சர் போடுற நேரந்தான் அத்தையும் கிரைண்டரப் போடுவாக. ரெண்டும் சேந்தா போர்டுல கை வைக்க முடியாது, அம்புட்டுச் சூடு. ஒண்ணு ஒண்ணா ஓட்டுவம்னு சொல்லிப் பாத்தேன். வீட்டுல கரண்டா இல்லைன்னு சிரிச்சாக. உங்க மாப்பிள்ளகிட்டச் சொன்னேன், எங்க அப்பாகிட்ட யாரு சொல்றதுன்னுட்டாக. கிரைண்டரு ரிப்பேருன்னா யாரும் போட மாட்டாகல்ல? அதான்."

"என்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா தாயி?"

"சொன்னா நீங்க பிளேயரத் தூக்கிட்டு வருவீக. மாமா வேண்டாம்பாரு. ரெண்டு பேருக்கும் மொகம் முறிஞ்சு போகும்." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "கையி வலிச்சதுக்கு நான் அழுகலப்பா. உங்க சாமானக் கொற சொல்லுவாக. ஒங்கப்பன் ஏமாத்திட்டாருன்னு சொல்லுவாக. ஆமான்னு தலையாட்டிக்கிட்டு நிப்பேன். அதுக்குத்தான் அழுதேன்."

பாஸ்கல் மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சந்தனத்துக்கு அடியில் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. ஊரில் உள்ள போர்டையெல்லாம் தொட்டுப் பார்த்தவர், இந்தக் கையைத் தொட்டுப் பார்க்கப் பத்து மாசம் ஆகியிருக்கிறது. அங்கேயே, அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராயப்பராஜ் மருமகளைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பாஸ்கலுக்குப் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் அடுப்படித் தரையில் உட்கார்ந்ததை அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"கட்டையில எத்தன இழை கட்டணும் சம்பந்தி?" என்று கேட்டார்.

"ஒரே இழை. அஞ்சு ஆம்பியர் கம்பி. அது போச்சுன்னா எதையோ கூடப் போட்டுட்டோம்னு அர்த்தம்."

"நாளைக்கு வந்து நீங்களே கட்டிக் குடுங்க. புது லைனும் நீங்களே இழுங்க. ஊரு பேசுனா நான் பேசிக்கிறேன்."

ரோசலின் போய்ப் பந்தலில் காத்திருந்தவர்களை உள்ளே கூப்பிட்டாள். கரண்டு இல்லாமலே வளைகாப்பு தொடர்ந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டார்கள். மைக் இல்லாததால் கிழவிகள் வாயாலேயே பாடினார்கள், நன்றாகத்தான் இருந்தது. விசிறிக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

புறப்படுகிற நேரத்தில் பாஸ்கல் மகளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். மனசு கேட்கவில்லை. ஏதாவது செய்து ஆற்றிவிட வேண்டும் போலிருந்தது.

"பிள்ள பொறந்ததும் துணி நெறையாச் சேரும் தாயி. நீ கையால தொவைக்க வேண்டாம். புது லைன் போட்டதுக்கப்புறம் அப்பா ஒரு வாஷிங் மெஷினு..."

வினோலியா அவர் வாயைப் பொத்தினாள். காய்த்துப்போன அந்தக் கையால், வளையல் குலுங்க.

"ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேம்பா," என்றாள். "எனக்கு இனிமே எதுவும் வாங்கித் தராதீக."